குத்தூஸ் கிரைண்டர் டாட் காம்

ஹிபாவின் அத்தா அப்துல் குத்தூஸ், கோவையில் 'குத்தூஸ் கிரைண்டர்' செய்து விற்கிறார். அந்தப் பெயரை முறைப்படி பதிவும் செய்திருக்கிறார்.

கடைக்கு இணையதளம் தொடங்கலாம் என்று ஹிபா கணினி முன் உட்கார்ந்தாள். ஆனால் 'குத்தூஸ் கிரைண்டர் டாட் காம்' ஏற்கெனவே இருந்தது! அதில் அவர்கள் கடையின் படம், 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்ற அறிவிப்பு, கூடவே ஒரு போன் எண்.

அத்தா கூப்பிட்டார். எடுத்தவன் சபரீஷ் என்ற கல்லூரி மாணவன். பெயரைத் தர ஒரு பெரிய தொகை கேட்டான்.

"நம்ம பேரை நமக்கே விக்கறானே!" அத்தாவின் முகம் வாடிவிட்டது. "புகார் குடுத்தாக் கெடைக்கும். ஆனா நாளாகும். அதுவரைக்கும் நம்ம ஆளுக அங்கதானே போவாங்க?"

ஹிபாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே ஒரு கவலையும் வந்தது. கிரைண்டர் வாங்கியவர்கள் எப்போது கூப்பிட்டாலும் அத்தா போனிலேயே பழுது பார்க்கச் சொல்லித் தருவார். கடையின் பெயரைத் தேடினால் இனி சபரீஷின் எண்ணல்லவா கிடைக்கும்?

அவளே அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, குத்தூஸ் கடைப் பொண்ணு பேசறேனுங்க. கிரைண்டர் ரிப்பேருன்னு கூப்பிடுவாங்க. சுத்தலைன்னா பெல்ட்டைப் பாக்கச் சொல்லுங்க. கல்லு சத்தம் போட்டா தண்ணி ஊத்தச் சொல்லுங்க."

"நான் எதுக்குச் சொல்லோணும்?"

"பேரை வச்சிருக்கறது நீங்கதானுங்களே? வேலையும் கூடவே வருமுங்க!"

சபரீஷ் சிரித்துவிட்டுப் போனை வைத்தான்.

மறுநாள் விடியும் முன்பே சபரீஷின் போன் அடித்தது. குத்தூஸ் கிரைண்டர் வாங்கியிருந்த மயிலாத்தாள், வெள்ளகோவிலிலிருந்து.

"ஏனுங்க தம்பி, நல்லா இருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று தொடங்கி, பேத்தியின் சீர் வரை சொல்லிவிட்டுத்தான், "கிரைண்டர் சுத்த மாட்டேங்குதுங்க" என்றார்.

இவ்வளவு மரியாதையாகப் பேசுபவரிடம் எரிந்து விழ முடியுமா? "பெல்ட்டைப் பாருங்கம்மா" என்றான் சபரீஷ்.

அப்புறம் ஆனைமலை ஓட்டல்காரர். அப்புறம் காந்திபுரம் மெஸ். வகுப்பு நடுவிலும் போன் அடிக்க, ஆசிரியர் அவனை வெளியே அனுப்பினார்.

அந்த வாரமே சபரீஷ் கடைக்கு ஓடி வந்தான்.

"மன்னிச்சுக்கோங்க. பேரை உங்களுக்கே மாத்திக் குடுத்தர்றேனுங்க. காசே வேண்டாமுங்க. தூங்கியே நாளாச்சு!"

ஹிபா சிரிப்பை அடக்கிக்கொண்டு டீயை நீட்டினாள். அவன் வாங்குவதற்குள் அவனுடைய போன் அடித்தது.

"குத்தூஸ் கிரைண்டருங்க, சொல்லுங்க!" பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு போனை அத்தாவிடம் கொடுத்தான். "உங்களுக்குத்தானுங்க."

அத்தா முகமெல்லாம் மலர அதை வாங்கினார்.

"ஆமாங்க, குத்தூஸ்தான் பேசறேன்!"