அழிந்துபோன மூன்று வரிகள்

காலை 9.40. ஷிராஸ் நகரில் ஒரு பழைய நூலகம். ஏடு செப்பனிடும் அறையில், ஐந்நூறு வருடப் பழமையான காதல் காவியம் கடைசிப் பக்கம் திறந்தபடி கிடந்தது. தங்கக் கோடுகள் மின்னின. நீலப் பூக்கள் அப்படியே இருந்தன. எழுதியவர் பெயர் இருந்த மூன்று வரிகளை மட்டும் காணோம்.

10.05. இன்ஸ்பெக்டர் தவாங்கர் வந்தபோது, நூலகத் தலைவர் நொஸ்ரத் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

"இவதான் சார்! ஈரத் தூரிகையால தேச்சே அழிச்சுட்டா. ஏய், ஏட்டுப் பக்கம் வராதே! இன்னியோட உன் வேலை போச்சு. நேரா ஜெயில்தான்!"

மூலையில் பரிச்செஹ்ர் வெளிறிப்போய் நின்றாள். ஏடு செப்பனிடுவது அவள் வேலை. நேற்று மாலை அழுக்கை நீக்கியபோது அவள்தான் அந்தப் பெயரைப் படித்தாள். ஊரே அரண்மனை ஆசான் ஒருவர் எழுதியது என்று நம்பிய ஏட்டில், ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அதை அறிவிக்கத்தான் பதினொரு மணிக்குப் பத்திரிகைக்காரர்களை அழைத்திருந்தார்கள்.

"படம் எடுக்கலையாம்மா?"

"வெளிச்சம் போதல. காலையில எடுக்கலாம்னு இருந்தேன்."

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"ஒம்பது மணிக்கு. மூணு வரியும் இருந்துச்சு. பசை காய்ச்சக் கீழே போயிட்டேன்."

"பூட்டலையா?"

"ஐயாவும் உஸ்தாதும் வந்து வந்து பார்த்துட்டிருந்தாங்க. எப்படிப் பூட்டுறது?"

உஸ்தாத் மொஷீர், நகரின் பெரிய எழுத்துக்கலை ஆசான். இந்த ஏட்டை எழுதியது அரண்மனை ஆசான்தான் என்று தடிமனான புத்தகம் போட்டுப் பேர் வாங்கியவர். "விடுங்க சார்," என்றார் இரக்கத்தோடு. "சின்னப் பொண்ணு, கை தவறியிருக்கும்."

தவாங்கர் மேசையைப் பார்த்தார். தூரிகை. அடிப்பக்கம் தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர்க் கிண்ணம். 9.35-க்கு வந்த மூன்று தேநீர்க் குவளைகள். பரிச்செஹ்ருடையது தொடாமல் ஆறியிருந்தது. நொஸ்ரத்துக்குச் சர்க்கரை வியாதி. அவர் தட்டு வெறுமை. மூன்றாவது தட்டில் பாதி கடித்த சர்க்கரைக் கட்டி, கடித்த இடத்தில் ஒரு கறை.

பிறகு ஏட்டின் மேல் குனிந்தார். வரிகளை ஒட்டியிருந்த தங்கக் கோடு கொஞ்சமும் கலையவில்லை.

10.40. "தூரிகையால தேச்சிருந்தா இந்தத் தண்ணி கறுத்திருக்கும், தங்கமும் கலைஞ்சிருக்கும்," என்றார் தவாங்கர். "இது மாவுப்பசை பூசி, கல்லால வழவழன்னு தேச்ச காகிதம். மை உள்ளே இறங்காது. எழுத்து தப்பாப் போனா எழுத்துக்காரங்க தண்ணியைத் தேட மாட்டாங்க, நாக்கால நக்கி எடுத்துடுவாங்க. நானும் மூணு வருஷம் எழுத்துக்கலை படிச்சேன். எழுதினதைவிட முழுங்கின மைதான் அதிகம்."

நொஸ்ரத் குதிப்பதை நிறுத்தினார்.

"நீங்க நக்கி முடிச்ச உடனே தேநீர் வந்துடுச்சு. நம்ம ஊர் வழக்கப்படி சர்க்கரைக் கட்டியைப் பல்லுல கடிச்சுக்கிட்டே குடிச்சீங்க, உஸ்தாத்."

"அது தேநீர்க் கறை!"

"தேநீர்னா பழுப்பா இருக்கும். இது கன்னங்கரேல்னு இருக்கு. புகைக்கரியில செஞ்ச ஏட்டு மை."

மொஷீரின் முகம் பேயறைந்தது போலானது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஒரு பொம்பளை எழுதினதுன்னு ஆனா, என் முப்பது வருஷ உழைப்பை எவன் மதிப்பான்? எப்படியோ, இனிமே அந்தப் பேரை யாரும் படிக்க முடியாது."

"முடியும்," என்றாள் பரிச்செஹ்ர். இப்போது யாரும் அவளைத் தடுக்கவில்லை. திரையை இழுத்து அறையை இருட்டாக்கினாள். டார்ச் விளக்கை ஏட்டை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாள். "மையைத்தான் நக்க முடியும், உஸ்தாத். நாணல் பேனா கீறின தடத்தை நக்க முடியாது."

பளபளத்த காகிதத்தில், பேனா ஓடிய இடமெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. மூன்று வரிகளும் எழுந்து வந்தன.

11.00. கதவு திறந்து பத்திரிகைக்காரர்கள் திமுதிமுவென நுழைந்தார்கள். நொஸ்ரத் அசடு வழிய ஒதுங்கி, "நீயே சொல்லும்மா," என்றார்.

அவள் வாசித்தாள். "இதை எழுதியவள் மாஹ்பானு, தாவூதின் மகள். படிப்பவர் என்னை நல்லபடி நினைக்கட்டும்."

"பேரை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, எழுதிக்கணும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பரிச்செஹ்ர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.