படகுக்கு ஒரு சோபா

நண்டு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவதற்கு வேறு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று எந்த இடுக்கு கிடைத்தாலும் புகுந்துகொள்கிற பெண்ணை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? வீட்டில் எல்லோருக்கும் அவள் நண்டுதான்.

நண்டின் அம்மா பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க அவ்வளவு பெரிய வண்டியை வளைத்து வளைத்து ஓட்டுகிற அம்மாவுக்கு, பாய்மரப் படகின் மேல் அப்படி ஓர் ஆசை. வண்டியை அவர் ஓட்ட வேண்டும், படகைக் காற்று ஓட்டும் என்பார். விடுமுறை நாட்களில் ஏரிக்குப் போய், வாடகைப் படகில் பாயை ஏற்றவும் இறக்கவும் கற்றுக்கொண்டார். பிறகு யாரோ வேண்டாம் என்று கவிழ்த்துப் போட்டிருந்த பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி வந்தார். அதன் பக்கவாட்டில் தட்டு அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது.

அந்த ஓட்டையை அம்மா கோடை முழுவதும் அடைத்தார். துணி வைத்து, பசை பூசி, காய வைத்து, தேய்த்து, மறுபடி துணி வைத்து, மறுபடி தேய்த்து... கடைசியில் ஓட்டை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது. நண்டுக்கும் அவளுடைய கைக்குழந்தைத் தம்பிக்கும் தும்மல் வந்ததுதான் மிச்சம்.

அப்பா சோபா செய்கிறவர். வீட்டை ஒட்டினாற்போல் அவருடைய கடை. அவர் செய்த சோபாவில் உட்கார்ந்தவர்கள் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். விலை கேட்க வந்தவர்கள் குறட்டை விட்டுத் தூங்கிய கதையெல்லாம் உண்டு. தங்கமான மனுஷர். ஆனால் அவர் செய்த வேலையில் யாராவது குறை சொல்லிவிட்டால் போச்சு. கோபப்பட மாட்டார். கோபப்பட்டால்கூடத் தேவலை. முகம் தொங்கிப்போய், சாப்பாட்டில் மனம் போகாமல், கடை மூலையில் உட்கார்ந்து ஒரே ஆணியை உருட்டிக்கொண்டிருப்பார். ஒரு சோபாவின் கைப்பிடி கொஞ்சம் உயரம் என்று பக்கத்து வீட்டு அத்தை ஒரு தடவை சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க வீடு வீடாகவே இல்லை.

படகு தயாரானதும், அதை ஏரிக்குக் கொண்டுபோக டிரெய்லர் வேண்டுமே என்ற பேச்சு வந்தது. தெருமுனையில் டயர் கடை வைத்திருக்கும் மாமா, கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு டிரெய்லரைச் சக்கரம் மாற்றிக் கொடுத்தார். அது வெறும் இரும்புச் சட்டம். படகு உட்காருவதற்கு மேலே ஏதாவது செய்ய வேண்டும். அந்த வேலையைத் தன்னிடம் விட்டுவிடும்படி அப்பா சொன்னார்.

"உன் படகு மெத்தையிலதான் போகணும்," என்றார் அம்மாவிடம்.

சொன்னபடியே செய்தார். சட்டத்தின் இரண்டு பக்கத்திலும் நீளமாக இரண்டு பலகை. அதன்மேல் கடையிலேயே உசத்தியான பஞ்சு. பஞ்சின்மேல் சிவப்புப் பூப் போட்ட துணி. ஓரம் முழுக்கப் பொடித் தையல். டயர் மாமா வந்து பார்த்துவிட்டு, இதில் தானே படுத்துக்கொள்வதாகவும் படகு நடந்து வரட்டும் என்றும் சொன்னார். அம்மா பூத்துணியைத் தடவிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு பேராகச் சேர்ந்து படகைத் தூக்கி டிரெய்லரில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவது என்று முடிவாயிற்று. அதை விட்டால் மழைக்காலம் வந்துவிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான் ஏரியில் படகு விடுவார்கள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்த நண்டு, பையை வீசிவிட்டு நேரே படகுக்குள் புகுந்தாள். படகின் முன்பக்கத்தில், மூடிய தளத்துக்கு அடியில் ஒரு சின்ன அறை உண்டு. பெரியவர்களால் தலையை மட்டும்தான் உள்ளே விட முடியும். நண்டு காலை மடக்கிக்கொண்டு முழுசாகப் படுத்துக்கொள்ளலாம். அன்று அப்படிப் படுத்தபோது முழங்கையில் ஏதோ இடித்தது. நேற்றுவரை வழவழவென்று இருந்த படகின் பக்கம், இன்றைக்கு உள்பக்கமாக வீங்கியிருந்தது. பல்வலி வந்தவன் கன்னம் மாதிரி.

விரலால் அழுத்தினாள். "டப்" என்று வெளியே போனது. விரலை எடுத்தாள். "டப்" என்று உள்ளே வந்தது.

வெளியே வந்து அடியில் ஊர்ந்து பார்த்தாள். வீங்கிய இடத்துக்கு நேர் கீழே அப்பாவின் பஞ்சு மெத்தை. படகின் அடியில் முன்னும் பின்னுமாக முதுகெலும்பு போல ஒரு கட்டை ஓடுகிறதே, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. கையை விட்டால் தாராளமாகப் போய் வந்தது. படகின் மொத்தக் கனத்தையும் அதன் இரண்டு விலாதான் சுமந்துகொண்டிருந்தது. அம்மா ஒட்டுப் போட்ட இடம் வீக்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

நண்டு மறுபடி உள்ளே போய் யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டது. அம்மாவின் கை மட்டும் உள்ளே வந்தது. வீக்கத்தைத் தொட்டது. டப். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு ஒட்டுப் போட்ட இடத்தை ஒரு தடவை தடவிவிட்டு வெளியே போய்விட்டது. நண்டு உள்ளே இருப்பது அம்மாவுக்குத் தெரியாது.

அன்று சாப்பிடும்போது அம்மா, ஞாயிற்றுக்கிழமை தன்னை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்றார். ஏரிக்கு அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம், இப்போது என்ன அவசரம் என்றார். அப்பாவுக்குச் சப்பென்று போய்விட்டது. நண்டு அம்மாவையே பார்த்தாள். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போது குழம்புக் கரண்டியையே பார்ப்பார். இப்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலை பின்னிவிடும்போது நண்டு மெல்லக் கேட்டாள்.

"அம்மா, அந்த மெத்தையினாலதானே?"

அம்மாவின் கை நின்றது. பிறகு மறுபடி பின்னத் தொடங்கியது.

"ரோட்டுல குலுங்கினா ஒட்டு விரிஞ்சிடும். அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதேடி. ஒவ்வொரு தையலும் எவ்வளவு ஆசையாப் போட்டிருக்கார், பார்த்தே இல்ல? படகு எங்கயும் ஓடிப்போயிடாது."

சொல்ல மாட்டேன் என்று நண்டு தலையாட்டினாள். ஆனால் மனசு கேட்கவில்லை. கோடை முழுக்கத் தூசியில் தும்மியவர்களுக்கு ஒரு தடவையாவது ஏரியில் மிதக்கிற உரிமை இல்லையா? சொல்லக்கூடாது, சரி. அப்பாவே பார்த்துக்கொண்டால்?

சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போனதும், நண்டு படகிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டாள். உள்ளே என்னவோ சத்தம் வருகிறது, வந்து பாருங்கள் என்றாள்.

அப்பா தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டார். அதற்குமேல் தொப்பை விடவில்லை. நண்டு அவர் கையைப் பிடித்து வீக்கத்தின்மேல் வைத்தாள்.

டப்.

அப்பா இன்னொரு தடவை அழுத்தினார். டப். தலையை வெளியே எடுத்து, குனிந்து, முதுகெலும்புக் கட்டைக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது நண்டு பயந்த மாதிரியே முகம் தொங்கியிருந்தது.

"நான் படகை உட்கார வெச்சிருக்கேன்," என்றார். "மனுஷங்கதான் உட்காருவாங்க. படகு உட்காராது, முதுகெலும்புமேல நிக்கும்."

கடையைப் பார்த்து நடந்தார். ஆணியை உருட்டத்தான் போகிறார் என்று நண்டுக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"அப்பா, தம்பியை எப்படித் தூக்குவீங்க? காட்டுங்க."

அப்பா எரிச்சலோடு பார்த்தார். ஆனாலும் கடை வாசலில் கிடந்த ஒரு நீளத் தலையணையை எடுத்து, தம்பியைத் தூக்குகிற மாதிரியே தூக்கிக் காட்டினார். ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில்.

"அடியில இருக்கிற கை என்ன பண்ணுது?"

"தாங்குது."

"பக்கத்துல இருக்கிற கை?"

"அது சும்மா, சாயாம பார்த்துக்க. அதை வெச்சு அழுத்தினா குழந்தை விலா..."

அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். தலையணையைப் பார்த்தார். டிரெய்லரைப் பார்த்தார். அடியில் ஒரு கை வேண்டும், பக்கத்தில் இருப்பது சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். நண்டு சொல்ல வந்தது அவ்வளவுதான்.

பிறகு அப்பாவுக்கு இன்னொன்றும் உறைத்தது.

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்றால் பொய். தெரியும் என்றால் வாக்குத் தவறுவது. நண்டு குனிந்து காலால் தரையைத் தேய்த்தாள். அந்தக் கால் தேய்த்த தேய்ப்பிலேயே அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாதி செய்து வைத்திருந்த ஒரு சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என் மூஞ்சி சுருங்கும்னு ஏரியையே விட்டுட்டாளா?" என்றார். அவருக்கு அம்மாவின்மேல் கோபம் வரவில்லை. தன்மேல்தான் வெட்கமாக இருந்தது. தன்னிடம் ஒரு குறையைச் சொல்ல வீட்டில் இத்தனை பேர் இவ்வளவு பயப்படுகிறார்களா என்று நினைக்க நினைக்க, உட்கார்ந்த இடம் முள்ளாகக் குத்தியது. அது அவரே செய்த சோபா.

எழுந்து டயர் மாமாவைக் கூட்டி வந்தார்.

மாமா ஜாக்கியும் பழைய டயர்களும் கொண்டு வந்தார். படகை மெல்லத் தூக்கி டயர்களின்மேல் இறக்கினார்கள். அப்பா சோபாச் சட்டத்துக்கு வைத்திருந்த கெட்டி மரத்தில் ஒரு நீள உத்தரத்தை எடுத்து, டிரெய்லரின் நடுவே முன்னும் பின்னுமாக முடுக்கினார். அதன்மேல் தடித்த ரப்பர் பட்டை. முதுகெலும்புக் கட்டை இனி அதன்மேல்தான் நிற்கும்.

பக்கத்துப் பலகைகளை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் கொஞ்சம் சிக்கல். படகின் உள்ளே குறுக்கே சில தடுப்புகள் உண்டு. அந்தத் தடுப்புக்கு நேராக இருக்கும் இடம் கெட்டியாக இருக்கும், மற்ற இடமெல்லாம் மெல்லிசு. வெளியிலிருந்து பார்த்தால் எது எது என்று தெரியாது. உள்ளே போய்ப் பார்க்கவோ பெரியவர்களால் முடியாது.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் நண்டு.

மரச் சுத்தியலோடு உள்ளே புகுந்து, ஒவ்வொரு தடுப்பின் ஓரமாகவும் தட்டிக்கொண்டே போனாள். அவள் தட்டிய இடத்தில் அப்பா வெளியே காதை வைத்துக் கேட்டு, துணி வெட்டுகிற சாக்குக்கட்டியால் கோடு போட்டார். மாமா நடுவில் ஒரு தடவை சும்மா பதிலுக்குத் தட்டிக் குழப்பிவிட்டு, அப்பாவிடம் திட்டு வாங்கினார்.

பிறகு அப்பா கத்தரிக்கோலால் தன்னுடைய பொடித் தையலையெல்லாம் பிரித்தார். நண்டு அவர் முகத்தையே கவனித்தாள். முகம் ஒன்றும் தொங்கவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் பிரித்தார். பஞ்சை உருவிப் போட்டுவிட்டு, பலகைகளைக் குட்டையாக அறுத்து, அவற்றின்மேல் மெல்லிய கம்பளித் துணியைச் சுற்றி, பூத்துணியையே மறுபடி இழுத்துக் கட்டினார். அந்தக் குட்டைப் பலகைகளைச் சாக்குக்கட்டிக் கோடுகளுக்கு நேராக வைத்தார்.

படகை மீண்டும் ஏற்றினார்கள். பலகைகள் படகைத் தொட வேண்டும், ஆனால் தள்ளக்கூடாது. அப்பா இடையில் ஒரு பழைய நாள்காட்டித் தாளைச் செருகி இழுத்தார். கிழியாமல், லேசாகப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தது. உள்ளேயிருந்த நண்டு பழைய இடத்தை அழுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. முஷ்டியால் குத்தினாள். அப்போதும் இல்லை.

சாயங்காலம் சீருடையோடு வீட்டுக்கு வந்த அம்மா, வாசலிலேயே நின்றுவிட்டார். தரையெல்லாம் பஞ்சு. தம்பி அதில் புரண்டுகொண்டிருந்தான். அம்மா டிரெய்லரைப் பார்த்தார், நண்டைப் பார்த்தார். நண்டு வேகமாகத் தலையை ஆட்டினாள், தான் சொல்லவில்லை என்று.

"நாளைக்கு உனக்கு வேலையா?" என்று அப்பா கேட்டார்.

கரண்டி எதுவும் பக்கத்தில் இல்லாததால் அம்மா அப்பாவைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"இல்லைங்க," என்றார். "நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்..."

"வருத்தப்படுவேன்தான். ஒரு பொழுது படுவேன், அப்புறம் சரியாயிடுவேன். அதுக்காக ஏரியை விடுவியா? எனக்கு மெத்தை பெரிசா, நீ பெரிசா?"

அம்மா அப்பாவின் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாம் எடுத்து முடித்த பிறகும் எடுத்துக்கொண்டே இருந்தார். மாமா ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா காரை ஓட்ட, படகு பின்னால் வந்தது. ஏரிக்குப் போகும் கடைசி மண்பாதை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கரையில் நிறுத்தியதும் அம்மா முதலில் ஒட்டுப் போட்ட இடத்தைத்தான் தொட்டுப் பார்த்தார். விரலை முன்னும் பின்னும் ஓட்டினார். முடி அளவு விரிசல்கூட இல்லை.

படகு தண்ணீரில் இறங்கியது. அம்மா பாயை இழுத்துக் கட்ட, காற்று வந்து அதை நிரப்பியது. நண்டு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். தம்பியை வைத்துக்கொண்டு கரையில் நின்ற அப்பா சின்னதாகிக்கொண்டே போனார். அம்மா சிரித்தார். பேருந்து ஓட்டும்போது அம்மா அப்படிச் சிரித்து நண்டு பார்த்ததே இல்லை. படகின் தரையைத் தொட்டுப் பார்த்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை.

திரும்பி வந்து படகை டிரெய்லரில் ஏற்றிய பிறகு, அம்மா பின்பக்கமாகப் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்னங்க, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார். "டிரெய்லரோட பின்விளக்கைக் கோணலா மாட்டியிருக்கீங்க."

நண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா வந்து அவரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"எப்ப பார்த்தே?"

"இப்பதான். பார்த்த நிமிஷமே சொல்லிட்டேன்."

அப்பாவின் முகம் மெல்ல மலர்ந்தது. தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, காரிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தார். நட்டைப் பிடித்துக்கொள்ள நண்டு டிரெய்லருக்கு அடியில் புகுந்தாள்.