படத்தில் இல்லாத கைகள்

கனகேஸ்வரி வெள்ளவத்தையில் படம் அச்சடிக்கும் அந்தக் கடைக்கு வந்தது இறந்த கணவனின் படத்தை எடுத்துப் போகத்தான். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு இன்னும் இரண்டே நாள். கடையில் வேலைசெய்யும் சாரங்கன் படத்தைச் சுவரோடு சாய்த்துவைத்து, மூடியிருந்த தாளை விலக்கினான்.

அவனுக்கு அந்தப் படத்தில் ஒரு பெருமை. செத்தவீட்டுக்காரர் அநேகமாக வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொண்டுவந்து ஆளுயரத்துக்கு அடித்துத் தா என்பார்கள். பிறகு முகம் மங்கல் என்று அவனோடு சண்டைக்கு நிற்பார்கள். இது அப்படியில்லை. மகன் ஜனா பென்டிரைவில் கொண்டுவந்த இந்தப் படத்திலிருந்து, மரண அறிவித்தல் போடும் இணையத்தளத்துக்குச் சின்னதாக ஒரு பிரதியும் அச்சுக்குப் பெரிதாக ஒரு பிரதியும் அவனே செய்திருந்தான். இருபதுக்கு முப்பது அங்குலத்தில் யோகநாதனின் நெற்றித் திருநீறு கோடு கோடாகத் தெரிந்தது.

கனகேஸ்வரியின் கண் முகத்தில் தங்கவில்லை. மடியில் கோத்திருந்த கைகளுக்கு இறங்கிவிட்டது. இடது கைப் பெருவிரலின் அடியில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு.

"பால் சட்டி இறக்கேக்க சுட்டது," என்றார். "என்ர போனில முகம்தான் இருக்கு. கையை இண்டைக்குத்தான் காணுறன்."

அழுகை வந்துவிட்டது. சாரங்கன் கதிரையை இழுத்துப் போட்டான். உள்ளே இருந்து கடைக்காரி ஷபீகா தண்ணீரோடு வந்தார். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பனியில் விபத்துப் படங்களைப் பார்த்துப் பொய் பிடித்தவர். இப்போது படம் அச்சடிக்கிறார். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"பிள்ளை, நீங்கள் முந்தி களவு பொய் கண்டுபிடிச்சனீங்களாம்," என்றார் கனகேஸ்வரி. "எனக்கு ஒண்டு கண்டுபிடிச்சுத் தாருங்கோ. இவர் செத்த அண்டைக்கு இவற்ற போன் காணாமப் போச்சு."

விஷயம் போனோடு நிற்கவில்லை. யோகநாதனைப் பார்த்துக்கொள்ள மட்டக்குளியிலிருந்து றெஜினா என்ற பெண் வந்துபோனாள், எல்லாருக்கும் றெஜி. பழி அவள் தலையில் விழுந்தது. ஜனா அவளை அனுப்பிய ஏஜென்சிக்கு அறிவிக்க, அவளுக்கு வேலை தருவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். நேற்று அவள் வந்து, செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போயிருந்தாள்.

"அவள் எடுத்திருந்தா நான் மன்னிச்சிடுவன். எடுக்கேல்லையெண்டா என்னை ஆர் மன்னிக்கிறது?"

ஷபீகா படத்தின் பக்கம் திரும்பினார். "இந்தப் படம் எடுத்தது யாரு அக்கா?"

"றெஜிதான். அண்டைக்குக் காலமை, இவற்ற போனாலதான் எடுத்தவள். முகம் மட்டும் தெரியவேணுமெண்டு இவர் சதுரமா வெட்டி எங்கட குடும்பக் குறூப்பில போட்டவர். வேற ஒருத்தருக்கும் அனுப்பத் தெரியாது அவருக்கு. போனுக்குப் பூட்டும் இல்லை."

"பின்னேரம்?"

"நான் கோயிலில. றெஜி மருந்துக்கடைக்குப் போனவள். வந்து பாத்தா இவர் போயிட்டார். அவள் முதல் ஜனாவுக்குக் கோல் எடுத்திருக்கிறாள், பிறகு எனக்கு. அப்ப போன் கட்டில் பக்கத்து மேசையில இருந்தது எண்டுறாள். விடியப் பாத்தா இல்லை."

சாரங்கனுக்கு இருக்க முடியவில்லை. "மேடம், செத்தவீட்டுக்கு எத்தினை பேர் வந்திருப்பினம். பழைய போன் வாங்கிற கடையளில விசாரிச்சா..."

"முதல்ல எங்கட கடையில விசாரிப்பம்," என்றார் ஷபீகா. "ஜனா தம்பிட ஓடர் ஃபோமை எடுங்க."

படம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு ஃபோமிலும் எழுதுவது அந்தக் கடை வழக்கம். பிறகு மங்கல் என்று சண்டை வந்தால் காட்டுவதற்கு. ஷபீகா ஃபோமை வாசித்தார். கணினியில் மூலப் படத்தைத் திறந்து பார்த்தார். பிறகு கனகேஸ்வரியின் போனை வாங்கி, குறூப்பில் கிடந்த படத்தையும் பார்த்தார். சாரங்கன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். ஃபோமில் இருந்தது அவனுடைய கையெழுத்து. அவனுக்கு முகம் சுருங்கிப்போனது.

"மகனை வரச் சொல்லுங்க அக்கா, படம் சரியா என்டு பாக்க. றெஜியையும் கூப்பிடுங்க."

ஜனா ஐந்தரைக்கு அலுவலகப் பையோடு வந்தான். நாற்பது வயது, ஒரு மாதத்தில் நன்றாக மெலிந்திருந்தான். றெஜி கதவோரக் கதிரையில் இருந்தாள். அவளைக் கண்டதும் அவன் பார்வையைப் படத்துக்குத் திருப்பிக்கொண்டான்.

"தம்பி, இந்தப் படம் எங்க இருந்து கிடைச்சது?" என்று ஷபீகா கேட்டார்.

"குறூப்பில இருந்துதான். அண்டைக்கே இவரிட்டச் சொன்னனான்," என்று ஜனா சாரங்கனைக் காட்டினான்.

"ஓம், ஃபோம்லயும் அப்படித்தான் இருக்கு. குறூப்பில உள்ள படம் அகலத்துக்கு ஆயிரத்து இருநூறு பிக்ஸல். நீங்க தந்தது மூவாயிரம். பெரிய படத்தைச் சின்னதாக்கலாம். சின்னதைப் பெருசாக்கினா, தேங்காய்ப்பாலுக்குத் தண்ணி விட்ட மாதிரி. அளவு கூடும், பால் கூடாது. இந்தப் படத்தில பால் அப்படியே இருக்கு."

"இப்ப ஏஐயால பெருசாக்கலாம்தானே."

சாரங்கனும் அதைத்தான் நினைத்திருந்தான். ஷபீகா தலையாட்டினார்.

"ஆக்கலாம். மங்கின முகத்தைத் துலக்கும். இல்லாத கையைக்கூட வரைஞ்சு வைக்கும். ஆனா உங்க அப்பா கையை வெட்டிப்போட்டுத்தான் படத்தை அனுப்பினவர். பெருவிரலுக்குக் கீழ சூடு பட்ட தழும்பு இருந்தது மெஷினுக்கு எப்படித் தெரியும்? அந்தத் தழும்பை உங்கம்மா இங்க நின்டு பாத்து அழுதாங்க. சாரங்கன், நீங்க அச்சுக்கு வெட்டின பக்கத்தில என்ன இருந்தது?"

"மேசை," என்றான் சாரங்கன். "மேசையில மருந்துக் குளிசைப் பெட்டி. சட்டத்துக்கு அகலம் கூடிப்போச்செண்டு நான்தான் வெட்டினனான்." நல்ல படம் வந்த சந்தோசத்தில், அது எப்படி வந்தது என்று யோசிக்காமல் சொன்னதை அப்படியே எழுதிவைத்த புத்தியை அவன் நொந்துகொண்டான்.

"வெட்டாத படம் ஒரே ஒரு இடத்திலதான் இருந்தது," என்றார் ஷபீகா. "ஐயாட போன்ல. அவர் அதைக் காலையில எடுக்கச் சொன்னார், பின்னேரம் மவுத்தாகிட்டார். இந்தப் படத்தைக் கொண்டுவந்தவர்ட கையிலதான் அந்தப் போன் இருக்கு."

கரையோரம் ரயில் போனது. கண்ணாடி அலுமாரி அதிர்ந்து ஓய்ந்தது. ஜனா பையைத் திறந்து, அதன் உட்பையிலிருந்து ஒரு கறுத்தப் போனை எடுத்து மேசையில் வைத்தான். அந்த ஒரு மாதமும் அவன் அதைச் சுமந்து திரிந்திருக்கிறான்.

"அப்பா எனக்கு ஆறு தரம் கோல் எடுத்தவர், அம்மா," என்றான். "நான் மீட்டிங்கில. முதல் ரெண்டையும் வெட்டினனான், பிறகு சத்தத்தை நிப்பாட்டிப்போட்டன். அண்டைக்கு ஓடிவந்து பாத்தா, அப்பான்ர போனில என்ர பேர்தான் வரிசையா நிக்குது. நீங்கள் அதைக் காணக்கூடாது எண்டு எடுத்தனான். பிறகு சொந்தக்காரர் றெஜியைக் கேட்கத் தொடங்கினவை. என்னால வாய் திறக்க ஏலாமப் போச்சு, ஏஜென்சிக்கும் நானே அறிவிச்சுப்போட்டன்."

"பிறகேன் இந்தப் படம்?" என்று சாரங்கன் கேட்டே விட்டான்.

"குறூப்பில இருந்ததைப் பெருசாக்கிப் பாத்தன். அப்பான்ர கண் கலங்கிப்போய் வந்தது. அப்படி அவரை வைக்க மனம் வரேல்லை."

கனகேஸ்வரி கதிரையிலிருந்து எழும்பினார். மகனை அடிக்கப்போகிறார் என்றுதான் சாரங்கன் பயந்தான்.

"எனக்கும் ரெண்டு தரம் எடுத்தவர்," என்றார் கனகேஸ்வரி. "பூசை நடந்துகொண்டிருந்தது. போன் பைக்குள்ள. வீட்டுக்கு வந்து பாத்திட்டு அழிச்சுப்போட்டன். நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எங்கட பாவத்துக்கு நாங்கள் அழலாம், ஜனா. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் எண்டு இந்தப் பிள்ளை ஏன் அழவேணும்?"

ஜனா றெஜியின் முன்னால் போய் நின்றான். மன்னிப்புக் கேட்டான், ஏஜென்சிக்கு இப்பவே அழைத்துச் சொல்கிறேன் என்றான்.

றெஜி அழவில்லை. "ஏஜென்சிக்கு ஃபோன்ல சொல்லலாம்," என்றாள். "எங்க லேன்ல அப்படி ஏலாது சேர். எங்க அம்மா ஒரு மாசமா தண்ணி எடுக்க பைப்படிக்கு ஆள் இல்லாத நேரம் பாத்துத்தான் போறாங்க. அங்க வந்து, எல்லாருக்கும் கேக்க, உங்க வாயால சொல்லுங்க."

ஜனா தாயைப் பார்த்தான். கனகேஸ்வரி கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நானும் வாறன். படம் நாளைக்கு எடுக்கலாம், பிள்ளை."

மட்டக்குளிக்குப் பஸ் பிடிக்க மூவரும் காலி வீதிக்கு நடந்தார்கள், றெஜி முன்னுக்கு. பஸ் ஏறும்வரை சாரங்கன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே வந்து ஃபோமை எடுத்து, வாட்ஸ்அப் குறூப் என்று தான் எழுதியிருந்ததை வெட்டி, பக்கத்தில் எழுதினான்: அப்பாவின் போன்.