ஜோடிப் புள்ளி

மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். விதைப்பண்ணை டாக்டர் கோபாலசாமிக்குப் பழனியாத்தாள் கட்ட வேண்டிய பாக்கி. அவள் மகள் இனியா வயிற்றைக் கிழித்துப் பிறந்தபோது ஆசுபத்திரிக்கு அவர் கட்டிய பணம். அஞ்சு வருசம் ஓடிப்போச்சு. வட்டி ஏறவில்லை, கூலியில் பிடித்ததில்லை, வாய் திறந்து அவர் கேட்டதுமில்லை. கேட்காத கடன்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

"ஊசி போடாத டாக்டரு, வட்டி வாங்காத மொதலாளி," என்று கூட வேலை செய்கிற சகாயம் சிரிப்பான். "ரெண்டும் ஒரே ஆளுன்னா ஒண்ணு சாமியாரு. இல்லீனா நம்மகிட்ட வேற என்னமோ வாங்கறாருங்க்கா."

"எங்கிட்ட என்ன கெடக்குது வாங்கறதுக்கு? ஒடிஞ்ச இடுப்பு."

பணத்தைக் கேட்காதவர் குழந்தையைக் கேட்பார். சனிக்கிழமை தவறாமல், கூலி எண்ணிக் கொடுக்கும்போது. "பாப்பா சாப்பிடறாளுங்களா? வெயில்ல வெளையாடறாளுங்களா?" பதிலைக் கேட்டுக்கொண்டு நோட்டில் என்னமோ எழுதுவார். தீபாவளிக்குக் கவுன் எடுத்துத் தருவார். அஞ்சு தீபாவளி, அஞ்சு கவுன். ஒன்றிலும் கை வைத்துத் தைத்ததில்லை.

பண்ணை மதுக்கரை சிமெண்ட் ஆலைக்குக் கிட்டத்தில் இருந்தது. பச்சை வலை கட்டிய கொட்டகைக்குள் உச்சி வெயிலும் பாசித் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி மங்கித் தெரியும். மண் ஈரமும் மருந்தின் மணமும் சேர்ந்து, அழுகப் போகிற பழத்தை மூக்கிலேயே வைத்துத் தேய்த்தது போல ராத்திரி சோறு தின்னும்போதும் கூடவே வரும். சோயா விதையை அந்த மருந்தில் ஊறப்போட வேண்டும். ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். கையுறை பண்ணைக்கே ஒரு ஜோடிதான், அது டாக்டர் கைக்கு. அவளுக்கு வெறும் கை. இனியா வயிற்றில் உண்டாவதற்கு முன்னால் ஒரு வருசம், அவள் வயிற்றில் இருந்த பத்து மாசம், அப்புறம் இன்றுவரைக்கும்.

விதை முளைத்து இலை விட்டதும் எண்ணுகிற வேலை. சிமெண்ட் தூசி இலை மேலெல்லாம் படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் வெளிறின பச்சை தெரியும். அதில் ஒரு கரும்பச்சைப் புள்ளி. அதை ஒட்டியே ஒரு மஞ்சள் புள்ளி. ரெட்டைப் பிள்ளை மாதிரி. அதை ஜோடி என்று கோடு போட வேண்டும்.

ஒரு நாள் நல்ல மனசாக இருந்த டாக்டர் விளக்கிச் சொன்னார். "செடிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அறை இருக்குதுங்க. ஒவ்வொண்ணுலயும் அதோட சொத்துப்பத்திரம், நூலு மாதிரி. மருந்து போயி அந்த நூலை அறுத்துப்போடும். அறுந்தது மறுபடி ஒட்டும், ஆனா பங்கு மாறி ஒட்டிக்கும். அறை ரெண்டாப் பிரியறப்போ ஒருத்தனுக்கு ரெண்டு பங்கு, கருத்துப்போவான். இன்னொருத்தனுக்கு ஒண்ணுமில்லை, மஞ்சளாயிருவான்."

"அண்ணந்தம்பி பாகம் பிரிச்ச கதைதானுங்க."

"அதேதானுங்க." சிரித்தார். "மருந்து பட்ட செடிய 'எம் ஒண்ணு'ன்னு சொல்லுவோம். அதுல அரையும் குறையுமாத்தான் தெரியும். அது பெத்த விதை எம் ரெண்டு. அதுலதானுங்க வேடிக்கையே."

அவளுக்குக் கோடு மட்டும்தான் போடத் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். சாயங்காலம் அறிவொளி வகுப்புக்குப் போய் நாற்பது வயசில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதை அவள் சொல்லவில்லை. தன் பாக்கியைத் தானே படித்துப் பார்க்கத்தான் கற்றாள். படிக்கத் தெரியும் என்று தெரிந்தால் நோட்டை மூடிவிடுவார்.

இனியா சோறு சரியாகத் தின்பதில்லை. ரெண்டு வாய், அவ்வளவுதான். ஆனால் இளைக்கவில்லை. நாலு மாசத்துக்கு முன்னால் இடது தோளில் ஒரு தேமல் வந்தது, பக்கத்திலேயே ஒரு மச்சமும். வேப்பிலை அரைத்துப் போட்டாள். வேலை முடிந்து வந்து இருட்டில் குளிப்பாட்டுகிற பிள்ளை. அப்புறம் போச்சா இருக்கிறதா என்று பகலில் பார்க்கவில்லை.

பார்க்கப் பயமோ என்னவோ.

போன மாசம் டாக்டர் சொன்னார்: "பாப்பாவ அடுத்த வருசத்துல இருந்து கொட்டாய்க்குக் கூட்டியாந்து பழக்குங்க."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அந்தக் கொட்டகைக்குள் என் பிள்ளை கால் வைக்கக்கூடாது. கடனை அடைத்துப்போட்டு, பண்ணை வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடலாம். பொள்ளாச்சி சந்தையில் எருமையையும் கன்றையும் விற்றாள். மறுநாள் மத்தியானம் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஆபீசுக்குப் போனாள்.

அவர் இல்லை. பக்கத்து அறையில் போனில் பேசுகிற சத்தம். மேசையில் நோட்டு விரிந்து கிடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியே நேராக அவள் வீட்டு வாசல் தெரிந்தது. இந்த ஜன்னல் அங்கேதான் பார்க்கிறது என்று இத்தனை வருசம் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

ப-ழ-னி-யா-த்-தா-ள். எம் ஒண்ணு.

பக்கத்தில் மூவாயிரத்து அறுநூற்று நாற்பது. அதன் மேல் சிவப்புக் கோடு. தேதி பார்த்தாள். இனியா பிறந்த நாள்.

அடுத்த வரி. பெண் குழந்தை. எம் ரெண்டு.

கீழே மாசம் மாசமாக. புள்ளி இல்லை. புள்ளி இல்லை. பக்கம் பக்கமாகப் புள்ளி இல்லை. அப்புறம்: இடது தோள், ஒரு ஜோடி. அதற்கடுத்து ஏழு. இந்த வாரம், முப்பத்தொன்று.

"படிக்கத் தெரியுங்களா?"

பின்னால் நின்றிருந்தார். கோபமில்லை. குரலில் ஒரு சந்தோசம்கூட இருந்தது.

முந்தானை முடிச்சைத் தூக்கிக் காட்டினாள். "பணம்... கொண்டாந்திருக்கிறனுங்க."

"நீங்களே வெச்சுக்குங்க. உங்க கணக்குத் தீந்து அஞ்சு வருசமாச்சுங்க."

ஓடினாள்.

வாசலில் வெயில் கொளுத்தியது. சோற்றுத் தட்டு அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. நடு வாசலில் இனியா. கையில்லாத கவுன். ரெண்டு உள்ளங்கையையும் விரித்து, முகத்தைச் சூரியனுக்குக் கொடுத்து நின்றாள். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

"கண்ணு... உள்ள வா அம்மணி."

திரும்பவில்லை. உடம்பு மொத்தமும் மேற்கே நகர்ந்தது. மெதுவாக. வெயில் நகர்கிற வேகத்துக்கு.

தோளெல்லாம் சிமெண்ட் தூசி. தொட்டித் தண்ணீரில் முந்தானையை நனைத்தாள். முடிச்சு அவிழ்ந்து நோட்டுகள் விழுந்தன. எடுக்கவில்லை. துடைத்தாள்.

தூசிக்கு அடியில் தோல் வெளிறின பச்சை.

அதில் கரும்பச்சை ஒன்று. ஒட்டியே மஞ்சள் ஒன்று.

ஒரு ஜோடி.

கை தானாகத் துடைத்துக்கொண்டே போனது. முதுகு. கழுத்து. காதுக்குப் பின்னால். ரெண்டு. ஒன்பது. பதினெட்டு. இடது கை விரல் பழக்கத்தில் தரைத் தூசியில் கோடு போட்டது.

ஆபீசு ஜன்னலில் பென்சிலோடு ஒரு முகம்.

"எத்தனைங்க?"

"நாப்பத்தேழுங்க," என்றாள் பழனியாத்தாள்.