முள் எகிறாத பாட்டு

ஆரம்பாக்கத்தில் பூவராகவன் ஐயா வீட்டில் நான் போய் இறங்கியபோது நல்ல வெயில். பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஸ்டீபன். காக்களூரில் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். பழைய ஃபியட் ஒன்றை ஓட வைக்கவேண்டும் என்று ஐயா ஆள் அனுப்பியிருந்தார். நெல் மூட்டைகளுக்கு நடுவே, கோணியால் மூடிக் கிடந்தது வண்டி. எலி நாற்றம் அடிக்குமே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். வந்தது மருதாணி வாசம். அப்போதுதான் அரைத்த மாதிரி இருந்தது.

டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி தொங்கியது. முன்பக்கத்தில் உண்டியல் வாய் போல ஒரு நீளப் பிளவு.

"இது இன்னா ஐயா?"

"ரெக்கார்டு ப்ளேயரு நைனா. காருக்குன்னே வந்தது. சின்னத் தட்ட உள்ள தள்ளினா அதுவே இஸ்துக்கினு பாடும்." பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆனா நம்ம ரோட்ல எங்க பாட்டு கேக்கறது? பள்ளத்துல எறங்குனா தட்டு மேல ஓடற முள்ளு எகிறிப் பாட்டு அறுந்துடும். ரேஸ் இல்லாத நாள்ல சோழவரம் ஓடுதளத்துக்கு ஓட்டினு போவேன். அது ஒண்ணுதான் வழவழன்னு இருக்கும். மத்த நாள்ல எங்க கெங்கம்மா பொட்டிக்கு அடியில கை குடுத்துத் தாங்கினே வருவா. அவ கை இருந்தா எகிறாது."

கெங்கம்மாள் அவர் மனைவி. போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அந்தத் தட்டு இன்னும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. இன்னொரு தடவை அதைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. பாவமாக இருந்தது, ஒத்துக்கொண்டேன்.

கடைக்கு இழுத்து வந்து வயரிங்கை மாற்றினேன். தட்டைச் சுற்றும் ரப்பர் சக்கரத்தையும் மாற்றினேன். பிறகு தொழிற்பேட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். லாரிகள் குதறிப்போட்ட ரோடு அது, பைக்கில் போனாலே இடுப்பு கழன்றுவிடும். வண்டி குதித்தது. என் தலை கூரையில் இடித்தது.

பாட்டு மட்டும் எகிறவே இல்லை.

எல்லாம் என் கைவேலை என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

பெருமை தாங்காமல், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் மனைவி ஹெலனை வண்டியில் ஏற்றினேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு ஷிஃப்ட் வேலை. வாரம் முழுக்க நின்று வேலை செய்கிறவள், அன்று ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். வேண்டுமென்றே பெரிய பள்ளமாகப் பார்த்து இறக்கினேன்.

"யோவ், நெசமாவே எகிறல! யாரோ புடிச்சினுகிற மாதிரியே கீது."

கம்பெனியில் அவள் நிற்கும் லைனில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து மெஷினில் கை வைக்காமல், நிற்கிறவள் நகரக்கூடாது. வருகிறவள் கை வைத்து ஒரு வார்த்தை சொல்வாள், நின்றவள் அவள் கையைத் தட்டிவிட்டுப் போவாள். ஹெலன் அதைத் தினமும் செய்கிறவள். விளையாட்டாகப் பெட்டிக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

"அக்கா, நீ கெளம்பு. நான் பாத்துக்கிறேன்."

பாட்டு ஒரே ஒரு தடவை எகிறியது.

ஹெலனின் சிரிப்பு நின்றுபோனது.

"ஸ்டீபா... யாரோ என் கையத் தட்டிட்டுப் போறாங்க."

மருதாணி வாசம் இல்லை. துடைத்தெடுத்த மாதிரி போய்விட்டிருந்தது.

வண்டியை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது, பாட்டு நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பேட்டரி வயரைப் பிடுங்கினேன்.

அப்போதும் பாடியது.

"கைய எடு ஹெலன்."

"எடுத்தா முள்ளு எகிறிடும்யா," என்று கிசுகிசுத்தாள்.

தோளைப் பிடித்து வெளியே இழுத்தேன். அப்புறம்தான் பாட்டு அடங்கியது.

வீட்டுக்கு வந்தும் அவள் வலது உள்ளங்கை மேல்நோக்கியே குவிந்திருந்தது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அப்படியே. மருதாணி வைத்தே பழக்கமில்லாதவள், விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நரம்பில் கோளாறு இல்லை என்றார்கள். பாதர் வந்து ஜெபித்தார். ஹெலன் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கை நோவுதுயா. மாத்து ஆளு எப்ப வரும்?"

பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு ஆரம்பாக்கம் ஓடினேன். பெரியவர் குளித்து, துவைத்த வேட்டி கட்டி, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தார். வீடெல்லாம் மருதாணி வாசம்.

"கெங்கா வந்துட்டா நைனா," என்றார் மெதுவாக. "ஞாயித்துக்கெழமலேர்ந்து ஊட்லதான் கீறா. ராத்திரியெல்லாம் அவ கைய அமுக்கி உடறேன்."

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

"அவ செத்தது அந்த சீட்லதான். அப்ப எனக்குத் தெரியல. உசுரு போயும் கைய எடுக்கல. பாட்டும் எகிறல. ஊடு வந்து பாட்டு முடிஞ்சப்பறம்தான் அவள எழுப்பப் பாத்தேன்."

"ஐயா, உங்க கால்ல உயுறேன். அவங்கள திரும்பிப் போவச் சொல்லுங்க. என் ஹெலன உட்ரச் சொல்லுங்க."

அவர் கதவைப் பார்த்தார். உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

"நான் எப்பிடி நைனா அவளப் போவச் சொல்லுவேன்?"

அழுதுகொண்டே கதவைச் சாத்திக்கொண்டார். வண்டியும் வேண்டாமாம்.

நாளுக்கு நாள் தேய்ந்து, மழை பிடித்த ஒரு சாயங்காலம் ஹெலன் செத்துப்போனாள். கை குவிந்தபடியே இருந்தது. சவப்பெட்டிக்குள் வைத்தபோதும் நிமிர்த்த முடியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஃபியட்டை எடுத்தேன். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பின்னால், கன்டெய்னர் லாரிகள் மட்டும் போகும் ரோட்டில் இறக்கினேன். அதைவிட மோசமான ரோடு இந்தப் பக்கம் கிடையாது. நான் தட்டைத் தள்ளவில்லை, அதுவே பாடத் தொடங்கியது. எகிறு, எகிறு என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். ஒரு தடவை எகிறினால் போதும், அவள் கையை எடுத்துவிட்டாள் என்று நிம்மதி அடைவேன். பள்ளம் பள்ளமாக விட்டேன். ஒரு சொல்கூட விட்டுப்போகாமல் பாடியது.

எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பெட்டிக்கு அடியில் கையை நீட்டினேன்.

"ஹெலன், நீ கெளம்பு. நான் பாத்துக்கிறேன்."

ஜில்லென்ற விரல்கள் பட்டன. ஆள்காட்டி விரலில் மெஷின் கடித்த தழும்பு. என் ஹெலனேதான்.

என் கையைத் தள்ளிவிட்டாள்.

மறுபடி நீட்டினேன். "நோவுதுன்னியேடி. குடுத்துடு."

என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். தூக்கிக்கொண்டுபோய் ஸ்டியரிங்கின் மேல் வைத்தாள்.