கூடம் கோணல்

பல் டாக்டர் அழைப்பு மணியை அடிக்கவில்லை, கதவைத் தட்டினார். தட்டிய தட்டில் நிலையே ஆடியது. ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் ஒரு வழக்கு வீடு தேடி வரும் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஏங்கிக்கொண்டுதான் இருந்தாள். பள்ளி விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தால், அண்ணன் வேலையாக வெளியூர் போய்விட்டான். அண்ணியோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவள்.

அந்த அண்ணியை எல்லோரும் சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, ரோட்டில் நசுங்கியதா அல்லது வீட்டில் சுத்தியலால் நசுங்கியதா என்று சொல்வது அவள் உத்தியோகம். இத்தனை வருஷத்தில் பொய் சொல்லும் வண்டி ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லையாம். பொய் சொல்லும் சொந்தக்காரர்களுக்குத்தான் பஞ்சமே இல்லை.

"இன்னைக்கு மூணு மணிக்கு என்னைத் தோத்தவள்னு சொல்லப் போறாங்க," என்றார் டாக்டர், நாற்காலியில் உட்காராமலே. கையில் ஒரு ஸ்பானர் இருந்தது. "தோத்திருந்தா ஒத்துக்குவேன். நான் தோக்கலை. யாரோ தோக்க வச்சிருக்காங்க."

"உக்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் சர்வேயர்.

டாக்டரின் அப்பா விட்டுப்போனது ஒரு பழைய திறந்த கார். இரண்டே கதவு, மேலே துணிக்கூரை, உடம்பெல்லாம் துரு. டாக்டரின் அண்ணனுக்கும், தங்கையான டாக்டருக்கும் சரிபாதி. அண்ணன் விற்றுவிடலாம் என்றார். தங்கை, வீட்டுக் கொட்டகையிலேயே கழற்றிச் சரிசெய்து காட்டுகிறேன் என்றார். இருவருக்கும் நடந்த சண்டையில் கடைசியாக ஒரு முடிவு வந்தது. இந்த ஞாயிறு மூன்று மணிக்குக் கதவும் பானட்டும் டிக்கியும் ஒழுங்காக மூடி, கார் தானே ஓடி கேட்டைத் தாண்டினால், அது தங்கைக்கு. இல்லையென்றால் அண்ணன் இஷ்டம். மூடுகிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல, தெருமுனைப் பட்டறையில் நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர்.

"எஞ்சின் எப்பவோ ஓட ஆரம்பிச்சிடுச்சு. உயிரை வாங்கினது இந்தத் தகரம்தான். கதவை மாட்டி, கீலுக்குப் பின்னாடி மெல்லிசா தகடு வச்சு வச்சு இடைவெளியைச் சரி பண்ணணும். அப்புறம் கதவுக்கு ஏத்தபடி மட்கார்டு, மட்கார்டுக்கு ஏத்தபடி பானட். நேத்து சாயங்காலம் ரெண்டு கதவும் 'டப்'புன்னு மூடுச்சுங்க. அழுதுட்டேன். இன்னைக்குக் காலையில ரெண்டுமே பிடிக்கலை. மேல விரல் நுழையுது, கீழ உரசுது."

"கீலை யாராவது தளர்த்தியிருப்பாங்க!" என்று டீச்சர் துள்ளினாள்.

"அதான் இல்லை. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கினதும், அதும் தலையிலேர்ந்து தகரம் வரைக்கும் நெயில் பாலிஷால ஒரு கோடு இழுத்து வச்சிருக்கேன். போல்ட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடையும். ஒண்ணு கூட உடையலை."

"நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் யார் வந்தாங்க?" என்றாள் சர்வேயர்.

"டிங்கர் வந்து சுத்திப் பார்த்துட்டு 'ம்'முன்னுட்டுப் போனார். அண்ணன் வந்து கேலி பண்ணிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் வீட்லதான் இருந்தார். கொட்டகைக்கு வெறும் கொக்கிதான், யார் வேணா திறக்கலாம்." டாக்டர் பெருமூச்சு விட்டார். "எதை எதையெல்லாம் தாண்டி வந்திருக்கேன் தெரியுமா? ஆரம்பத்துல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நானே ஒரு மட்கார்டை இடம் வலம் மாத்தி மாட்டினேன். வீட்டுக்காரர் காருக்கு நடுவுல ஜாக்கி வச்சுத் தூக்கி என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டார். அண்ணன் பானட்டு மேல உக்காந்து நெளிச்சான். அப்பல்லாம் விடாதவ இப்பவா விடுவேன்?"

சர்வேயர் காபியை ஒரே மடக்கில் முடித்துவிட்டு எழுந்தாள். டீச்சர் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

டாக்டர் வீட்டு வாசலில் அவர் கணவரின் சின்ன கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முன்சக்கரத்தில் சுத்தமாகக் காற்று இல்லை. கணவர் இரண்டு கையிலும் பைகளோடு கடையிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தார். வேர்த்து வழிந்தது.

"காலையிலேயே ஆணி ஏறிடுச்சு," என்று சிரித்தார். நல்ல மனுஷர், பேச்சில் சர்க்கரை. "மத்தியானம் எல்லாரும் வருவாங்களேன்னு பிஸ்கட்டு வாங்கப் போனேன்."

"ஸ்டெப்னி இல்லையா சார்?" என்றாள் டீச்சர்.

"இருக்கு, இருக்கு. யாரும்மா கையை அழுக்காக்கறது? நாளைக்கு மெக்கானிக் வருவான்."

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன சார் யோசனை? வீட்டம்மாகிட்ட கொடுங்க, அவங்க டயரை மாத்தட்டும். நீங்க போய்ப் பாத்திரத்தைத் தேய்ங்க!" கணவர் அதற்கும் சிரித்தார். ஆனால் காது இரண்டும் சிவந்துபோயின. சர்வேயர் அந்தக் காதையும் பார்த்தாள், காற்றுப்போன சக்கரத்தையும் பார்த்தாள்.

கொட்டகையில் கரும்பச்சை கார் மணப்பெண் மாதிரி நின்றது. டாக்டர் கதவைச் சாத்திக் காட்டினார். பூட்டின் நாக்கு எதிரே உள்ள கொண்டியை எட்டாமல் கதவு திரும்பி வந்தது. மறுபக்கமும் அதே கதை. பூட்டு எங்கே படுகிறது என்று பார்க்க, பல் இடிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் நீலத் தாளை அவர் கொண்டியில் ஒட்டியிருந்தார். அந்த வித்தை வேறு எந்தப் பட்டறையிலும் இருக்காது. நேற்றைய நீலத்தடம் கொண்டியின் நடுவில் பளிச்சென்று இருந்தது. இன்றைக்கு ஓரத்தில்கூடச் சரியாக விழவில்லை.

டீச்சர் பூதக்கண்ணாடி இல்லாத குறையாக எல்லா நெயில் பாலிஷ் கோடுகளையும் ஆராய்ந்தாள். எல்லாம் முழுசு. பிறகு தரையைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், கண் விரிந்தது. "அண்ணி! டயரைப் பாருங்க. பழைய கார்னா டயர் கீழ கொஞ்சம் பிதுங்கும். இது நாலும் உருண்டையா நிக்குது. யாரோ காத்தை ஏத்தியிருக்காங்க!"

"நல்லாப் பார்த்தே, டீச்சர்," என்றாள் சர்வேயர். "பார்த்ததோட நிறுத்தியிருக்கலாம்."

அவள் ஒரு கதவின் மேல் இடைவெளியில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். காரைச் சுற்றிப்போய் மறுகதவிலும் அதையே செய்தாள். இரண்டிலும் விரல் ஒரே அளவுதான் நுழைந்தது. அப்போது அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவளுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. அண்ணிக்கு இடுப்பு வலியாக இருக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஸ்பானரோடு கீலை நெருங்கினார். "இன்னும் நேரம் இருக்கு. கீலைத் தளர்த்தி மறுபடியும் தகடு வச்சு சரி பண்ணிடறேன்."

"தொடாதீங்க," என்றாள் சர்வேயர். குரல் உயரவில்லை; ஆனால் ஸ்பானர் நின்றது. "இப்ப அதைத் தொட்டீங்கன்னாதான் நிஜமாவே தோப்பீங்க. மூணு மணிக்கு எல்லாரும் வரட்டும். அதுவரைக்கும் கொட்டகை வாசல்ல நானும் டீச்சரும் உக்காந்திருப்போம்."

சொன்ன நேரத்துக்கு எல்லோரும் வந்தார்கள். டாக்டரின் அண்ணன் வரும்போதே பல்லெல்லாம் தெரிந்தது. டிங்கர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்த எதிர்க்கட்சிக்காரர் மாதிரி ஒதுங்கி நின்றார். கணவர் எல்லோருக்கும் பிஸ்கட் தட்டை நீட்டினார்.

டிங்கர் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தது. இன்னொன்றைச் சாத்தினார். அதுவும் வந்தது.

"நேத்து மூடுச்சு!" என்றார் டாக்டர்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

டாக்டரின் முகம் சிவந்தது. டீச்சருக்கு அந்த ஆளின் தலையில் பிஸ்கட் தட்டைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. அண்ணனைத் தவிர வேறு யார் இதைச் செய்திருக்க முடியும் என்று அவள் காலையிலேயே தீர்மானித்துவிட்டாள்.

"சரியான பழமொழி," என்றாள் சர்வேயர். "ஆனா நீங்க அதைத் தப்பா சொல்லிட்டீங்க. இங்க ஆடினவங்க மேல குத்தமில்லை. கூடம்தான் கோணல்."

சிரிப்பு நின்றது.

"ஒரு கதவு கெட்டா, கதவு மேல சந்தேகப்படலாம். ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு, ஒரே மாதிரி கெட்டிருக்கு. போல்ட்டு எதுவும் திரும்பலை. அப்ப கதவு மாறலை. கதவு நிக்கிற சட்டம் மாறியிருக்கு. டிங்கர், கூரையில்லாத காரை நடுவுல தூக்கினா என்ன ஆகும்?"

டிங்கர் தாடையைச் சொறிந்தார். "முன்னும் பின்னும் தொங்கும். வில்லு மாதிரி வளையும். கதவுக்கு மேல இடைவெளி அகலும், கீழ நெருங்கும்..." சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று தரையில் மண்டியிட்டுக் குனிந்தார். "அடப்பாவி!"

காரின் நடுவே, குறுக்குச் சட்டத்தின் அடியில், ஒரு பலகைத் துண்டின் மேல் சின்ன ஜாக்கி ஒன்று உட்கார்ந்திருந்தது. சக்கரங்கள் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. பாரம் மட்டும் அவற்றின் மேல் பாதிகூட இல்லை.

"டயர்ல யாரும் காத்து ஏத்தலை, டீச்சர். பாரத்தை இறக்கியிருக்காங்க," என்றாள் சர்வேயர். "டாக்டர் நாள் பூரா வாய்க்குள்ள பார்த்துப் பழகினவங்க. தாடைக்குக் கீழ பார்க்கத் தோணலை."

டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "ஏய், நான் இல்லை! நான் உனக்கு எதிரிதான், இல்லைங்கலை. ஆனா வாசல் வழியா வர்ற எதிரி. முகத்துக்கு நேரா திட்டுவேன். காருக்கு அடியில படுத்து வேலை பார்க்கற ஜாதி இல்லை நான்."

"அவர் இல்லை," என்றாள் சர்வேயர். டீச்சரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"அப்ப டிங்கரா?" என்றாள் டீச்சர் மெதுவாக. "அவருக்குத்தானே இந்த நுணுக்கம் தெரியும்?"

"டிங்கர் கெடுக்கணும்னு நினைச்சிருந்தா கீலுக்குப் பின்னாடி ஒரு தகட்டை உருவியிருப்பார். நெயில் பாலிஷ் எந்தக் கடையிலயும் கிடைக்கும். கோட்டைத் திரும்ப இழுத்திருப்பார். யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. இப்படி ஜாக்கியை விட்டுட்டுப் போக மாட்டார். இது காரைத் தெரிஞ்சவங்க செஞ்சதில்லை. காரைப் பத்தி ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சவர் செஞ்சது. நடுவுல தூக்கினா கதவு பிடிக்காது, அவ்வளவுதான். அது அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை தெரியாம அப்படித் தூக்கி, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார்."

டாக்டர் மெதுவாகத் திரும்பினார். கணவர் பிஸ்கட் தட்டோடு ஒரு அடி பின்வாங்கினார்.

"வாசல்ல உங்க கார் காலையிலேர்ந்து காத்தில்லாம நிக்குது, சார்," என்றாள் சர்வேயர், அதே அமைதியோடு. "ஸ்டெப்னி இருக்குன்னீங்க. ஆனாலும் வெயில்ல நடந்து போனீங்க. டயரை மாத்த ஸ்டெப்னி மட்டும் போதாதே. உங்க ஜாக்கி எங்க?"

கணவர் தட்டைக் காரின் மேல் வைக்கப் போனார். டாக்டர் பார்த்த பார்வையில் தரையில் வைத்தார்.

"எதிர்வீட்டுக்காரன், ஆபீஸ்ல இருக்கறவன், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க," என்றார். பேச்சில் இருந்த சர்க்கரை கரைந்துபோயிருந்தது. "இன்னைக்கு ஜெயிச்சா அடுத்த கார் வரும். ஒரு தடவை தோத்தா, நீ ரெண்டு நாள் அழுதுட்டு விட்டுடுவேன்னு நினைச்சேன். மத்தபடி உனக்குக் கெடுதல் பண்ணணும்னு..."

"அழுவேனா?" என்றார் டாக்டர். "எவனோ சிரிச்சதுக்கு நான் தோக்கணுமா? அவன்கிட்ட ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லத் தெரியலை, என் காருக்கு அடியில மட்டும் படுக்கத் தெரிஞ்சுதா? இறக்குங்க. நீங்க வச்சதை நீங்களே இறக்குங்க."

கணவர் சட்டை அழுக்காகத் தரையில் படுத்து ஜாக்கியை இறக்கினார். கார் ஒரு முனகலோடு தன் சக்கரங்களின் மேல் உட்கார்ந்தது. டயர்கள் கீழே பிதுங்கின. சர்வேயர் பம்பரை இரண்டு முறை அமுக்கிவிட்டு நகர்ந்துகொண்டாள்.

டாக்டர் கதவைச் சாத்தினார். டப். மறுபக்கம் போய்ச் சாத்தினார். டப். டிங்கர் நீலத் தாளைக் கேட்டு வாங்கி, கொண்டியில் வைத்துத் தானே ஒருமுறை மூடித் திறந்து பார்த்தார். பானட்டை மூடினார், டிக்கியை மூடினார், இடைவெளிகளின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"என் பட்டறையில கூட இதைவிட நல்லா மூடாது, டாக்டரம்மா," என்றார். "சொல்ல வாய் வரலை. சொல்லிட்டேன்."

டாக்டர் ஸ்டியரிங்கின் முன் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்தது. கணவர், ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த சீட்டின் கதவோரம் வந்து நின்றார்.

"அண்ணே, நீ ஏறு," என்றார் டாக்டர்.

"நானா? நான்தானே விக்கணும்னு..."

"நீதான். முகத்துக்கு நேரா திட்டுற ஆள் பக்கத்துல உக்காந்தா எனக்கு ஓட்ட வரும். கதவை மெதுவா சாத்து, அறையாதே."

அண்ணன் ஏறிச் சாத்தினார். டப் என்றது. அதைக் கேட்டதும் அவருக்கே ஒரு சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பு இல்லை. டீச்சர் ஓடிப்போய் கேட்டை அகலத் திறந்தாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து இந்த முறை குரல் எதுவும் வரவில்லை.

கேட்டைத் தாண்டி, காற்றுப்போன சின்ன காருக்குப் பக்கத்தில் டாக்டர் பிரேக் போட்டார். பின்னாலேயே நடந்து வந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"போய் அந்த டயரை மாத்துங்க," என்றார். "ஜாக்கியை ஓரத்துல வைங்க, நடுவுல வேணாம். ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கேன்."