முருகப்பனின் சட்டை எங்கே?

"செத்துப் போனவுகளோட சட்டை ஒண்ணு காணோம். கண்டுபிடிச்சுத் தருவீகளா?" என்று நாகவல்லி கேட்டபோது ஏகப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அது தொண்டையோடு நின்றது.

அக்கா மீனலோசனி, ஓய்வு பெறும்வரை இன்சூரன்ஸுக்காக விபத்து வண்டிகளைப் பரிசோதித்தவள். இப்போதும் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் வண்டிச் சிக்கல் என்றால் அவள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். தம்பி ஏகப்பன் தன் செல்போன் கடையைச் சாத்திவிட்டு முதல் ஆளாகப் பின்னால் கிளம்பிவிடுவான்.

நாகவல்லி சொன்ன விவரம் இதுதான். அவள் கணவன் முருகப்பன் பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி, காடுமேட்டில் ஓட்டுவதற்காக, நண்பன் அப்துல் ஹலீமின் பட்டறையில் வைத்து மாற்றிக் கட்டினான். உயரமான ஸ்பிரிங், பெரிய டயர், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சுவிட, கூரை உயரத்துக்கு ஒரு காற்றுக் குழாய். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததும், ஒரு சாயங்காலம் தனியாகப் போய் ஜீப்பைத் தண்ணீரில் இறக்கினான். மறுநாள் காலையில் உடல்தான் கிடைத்தது. மேலே சட்டை இல்லை. கரையெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை.

"நீச்சல் தெரியாதவுக தண்ணிக்குள்ள எதுக்குப் போனாகன்னு ஊரே கேக்குது" என்றாள் நாகவல்லி. "அன்னைக்குக் காலையில நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். 'அந்த வண்டியோடயே குடும்பம் நடத்துங்க, வீட்டுக்கு வராதீக'ன்னு. சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் போயிருந்தாகன்னா, முடிவு பண்ணித்தான் போயிருக்காக. அது எனக்குத் தெரியணும்."

மீனலோசனி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வண்டி எங்க நிக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

அமராவதிபுதூரில் ஹலீமின் பட்டறைக் கொட்டகையில், தார்ப்பாயின் கீழ் நின்றது ஜீப். டிராக்டர் கட்டி இழுத்து வந்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. ஹலீமால் தொட முடியவில்லை. நாகவல்லியும் அவர்களோடு வந்திருந்தாள்.

"அக்கா, சட்டைப் பையில ஏதோ முக்கியமானது இருந்திருக்கு. அதுக்காக எவனோ..." என்று ஆரம்பித்தான் ஏகப்பன்.

"நீ கண்ணைத் திற. வாயை அப்பறம் திறக்கலாம்."

சாவி அணைந்த நிலையில் இருந்தது. பக்கத்தில் ஒரு குமிழ், கம்பியோடு வெளியே பிடுங்கிக்கொண்டு வந்து தொங்கியது. "இது என்ன?" என்றான் ஏகப்பன்.

"பழைய டீசல் எஞ்சின் சாவியத் திருப்புனா நிக்காது தம்பி" என்றார் ஹலீம். "இந்தக் குமிழை இழுக்கணும். டீசல் நின்னுரும், எஞ்சினும் நின்னுரும்."

மீனலோசனி ஆயில் அளவுகோலை உருவினாள். நுனி காய்ந்திருந்தது.

ஹலீம் பதறினார். "புது ஆயில் நிறைய ஊத்துனேன்க்கா! ஒழுக்கும் கிடையாது. கீழ பாருங்க, ஒரு சொட்டு இருக்கா?"

இல்லை. அவள் பெரிய ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றச் சொன்னாள். மெதுவாக, தடையில்லாமல் சுற்றியது. "ஓடும்போது தண்ணியக் குடிச்சிருந்தா இது இறுகிப் போயிருக்கும்" என்றாள். "உடம்பு எந்தப் பக்கம் கிடைச்சது?"

"இடது பக்கம். அங்குட்டுத்தான் சவுடு மண்ணு அள்ளுன பள்ளம் இருக்கு. வண்டி நின்ன இடத்துல இடுப்பளவு தண்ணிதான்க்கா."

ஓட்டுபவர் இறங்குவது வலது பக்கம். ஏகப்பன் அதை யோசித்தான், ஆனால் எங்கேயும் போய்ச் சேரவில்லை. வரும் வழியில் ஆடு மேய்க்கும் சிட்டாள் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தான். அன்று சாயங்காலம் கண்மாய்ப் பக்கம் வெள்ளையாகப் புகை கிளம்பியதாம். கரி சுடக் கருவேலத்துக்கு மூட்டம் போடுகிறார்கள் என்று நினைத்தாளாம்.

மீனலோசனி எல்லோரையும் உட்காரச் சொன்னாள்.

"டீசலை நிறுத்தியும் எஞ்சின் ஓடியிருக்கு. அப்ப அது எதைக் குடிச்சு ஓடுச்சு? ஆயிலை. டர்போவுக்குள்ள இருக்கிற அடைப்பு தேஞ்சு போச்சுன்னா, அது ஆயிலைக் காத்தோட சேர்த்து எஞ்சினுக்குள்ள தள்ளும். டீசல் எஞ்சினுக்கு ஆயிலும் ஒண்ணுதான், டீசலும் ஒண்ணுதான். வேகம் ஏறிக்கிட்டே போகும், விட்டா எஞ்சினே வெடிச்சுரும். அந்தப் புகைதான் சிட்டாள் பார்த்தது. முருகப்பன் சாவிய அணைச்சாரு. குமிழைப் பிடுங்கிக்கிட்டு வர்ற மாதிரி இழுத்தாரு. நிக்கல. ஹலீம், அப்பறம் என்ன வழி?"

ஹலீமின் குரல் இறங்கிவிட்டது. "காத்தை அடைக்கணும். பழைய வண்டின்னா பானெட்டைத் திறந்து ஒரு பலகைய வச்சு அமுக்குனாப் போதும்."

"இதுல காத்து எங்க போகுது?"

எல்லோரும் ஜீப்பைப் பார்த்தார்கள். கூரை உயரத்தில், இடது பக்கம், குழாயின் வாய்.

"வலது பக்கம் இறங்கி, சுத்தி நடந்து இடது பக்கம் போயிருக்காரு. கையில வேற எதுவும் இல்ல" என்றாள் மீனலோசனி. குழாயின் வளைவில் இருந்த கிளிப்பைத் தளர்த்திக் கழற்றினாள். உள்ளே விரலை விட்டு இழுத்தாள். எண்ணெயும் சேறும் படிந்த நீலத் துணி, கையளவாகச் சுருண்டு, வந்துகொண்டே இருந்தது.

நாகவல்லி எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள். விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஈரச் சட்டைய எஞ்சின் உள்ள இழுத்து, அதுவே குழாயை நல்லா அடைச்சிருக்கு. எஞ்சின் நின்னிருச்சு. அவர் ஜெயிச்சிட்டாரும்மா. திரும்பும்போது ஒரு எட்டு தள்ளி வச்சிருக்காரு, பள்ளத்துல."

"அப்ப வீட்டுக்கு வரத்தான் பார்த்திருக்காக" என்றாள் நாகவல்லி.

"ஆமா. சாகப் போறவரு வண்டிய நிறுத்த இவ்வளவு பாடுபட மாட்டாரு."

அவள் சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"அந்த டர்போ நான் வாங்கியாந்தது, பழசு" என்றார் ஹலீம். "குழாயை இடது பக்கம் வச்சதும் நான்தான். அன்னைக்கு என்னையும் கூப்பிட்டான். நாளைக்குப் போவோம்டான்னேன்."

மீனலோசனி மறுக்கவில்லை. உண்மையை ஒருத்தருக்குச் சொல்லிவிட்டு இன்னொருத்தருக்கு மறைக்க அவளுக்குத் தெரியாது.

நாகவல்லி சட்டையிலிருந்து முகத்தை எடுத்தாள். "அண்ணே, இதே மாதிரி குழாய் வச்சு இன்னும் எத்தனை பேருக்குக் கட்டிக் குடுத்திருக்கீக?"

ஹலீம் போனை எடுத்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். மறுவாரம், முதலாவது ஜீப் வந்து நின்றபோது ஏகப்பனும் போய்ப் பார்த்தான். வேலை சின்னதுதான். காற்றுக் குழாய் எஞ்சினுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால், உள்ளே வட்டமாக ஒரு இரும்புத் தகடு. அதிலிருந்து ஓட்டுபவர் கைக்கு எட்டும் இடம்வரை ஒரு கம்பி. கம்பியை இழுத்தால் தகடு குறுக்கே விழுந்து குழாயை மூடும். காற்று கிடைக்காத எஞ்சின், ஆயிலைக் குடித்தாலும் சரி, டீசலைக் குடித்தாலும் சரி, சில நொடிகளில் நின்றுவிடும். ஓட்டுபவர் இருக்கையை விட்டு இறங்க வேண்டியதில்லை.